ஏழுக்கு ஏழு போதுமா?

இதை எழுதி வைத்தே ஆகவேண்டும் என்னும் நெருக்கடி எனக்கு ஒரு திருமண விருந்தில் நேர்ந்தது. பக்கத்து இலையில் அமர்ந்திருந்த முன்பின் அறியாத ஒருவர், பாயசத்திற்கும் மோருக்கும் இடைப்பட்ட நேரத்தில், எனக்கு ஒரு செய்தி சொன்னார். திருவரங்கத்தில் ஓர் அளவையியல் பேராசிரியர், தம் நண்பருக்கு வாய்பாடு போட்டுப் பெண் பார்த்து மணம் முடித்து வைத்தாராம். வாய்பாடு இம்மியும் பிசகவில்லையாம்.

அந்தப் பேராசிரியர் நான்தான். வாய்பாடு முழுவதும் பிசகிற்று. பிசகியதனால்தான் மணமே நடந்தது.

செய்த பிழைக்குப் புகழ் வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க என்னால் இயலவில்லை. உரியவர்கள் நலமாக இருக்கும்போதே, அவர்களிடம் இசைவு பெற்று, நடந்ததை நடந்தவாறு இங்கே எழுதுகிறேன்.

பென்சிலும் பொங்கலும்

தில்லை நகரில் ஒரு சிற்றுண்டிச்சாலை. ஞாயிறு முற்பகல். குளிரூட்டிய உள்ளறையிலும் நெய்யில் பொரிந்த மிளகின் மணம் நிறைந்திருந்தது.

மேசையின் ஒருபுறம் நானும் என் நண்பர் நாகராசனும். எதிர்ப்புறம் இரண்டு பெண்மணிகள். ஒருவர் மரகதம், பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். மறுமணத்தின் பொருட்டு நாகராசன் காண வந்தது இவரைத்தான். மற்றவர் வளர்மதி, மரகதத்தின் பள்ளித் தோழி, துணைக்கு வந்தவர். தொட்டியத்தில் வாழைத் தோட்டம் நடத்துகிறார். மணமே செய்துகொள்ளாதவர்.

நாகராசன் மடித்த தாள் ஒன்றை விரித்தார். பென்சிலை எடுத்தார். அதன் முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?"

"அஞ்சு மணிக்கு," என்றார் மரகதம்.

தாளில் ஒரு குறி விழுந்தது.

"வீட்ல நாய், பூனை ஏதாவது வளக்குறீங்களா?"

"இல்லைங்க. இவ வீட்லதான் ரெண்டு நாய்," என்று தோழியைக் காட்டினார்.

மற்றொரு குறி.

வளர்மதி அதுவரை அடக்கி வைத்திருந்ததை இனியும் அடக்க இயலாதவராய், "ஏங்க, நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, வண்டிக்கு எஃப்.சி. பாக்க வந்தீங்களா?" என்றார். தோட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல். சாம்பார் வாளியுடன் சென்றவர் திரும்பிப் பார்த்தார்.

நாகராசன் இதை ஏளனமாகக் கொள்ளவில்லை. வண்டிகளைச் சோதித்து அனுப்பும் தம் தொழிலை ஒருவர் அறிந்துகொண்டார் என்றே கொண்டார். "எஃப்.சி.ன்னா மொதல்ல பிரேக்கைத்தாங்க பாக்கணும்," என்று முறையாக விடையளித்தார். வளர்மதி மேசையைத் தட்டிச் சிரித்தார். ஒரு நொடி கழித்து நாகராசனும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் கண்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன.

பிறகு கடமைக்குத் திரும்பினார். ஏழாவது குறியையும் இட்டு, பென்சிலைச் சட்டைப்பையில் செருகி, "ஏழுக்கு ஏழு. எல்லாம் சரியா இருக்குங்க. எனக்குச் சம்மதம்," என்றார்.

பொங்கல் இன்னும் மேசைக்கு வந்திருக்கவில்லை.

மரகதம் என்ன விடை சொன்னார் என்பதற்கு முன், நாகராசன் ஏன் இவ்வாறு நடந்துகொண்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லையேல் நல்ல மனிதர் ஒருவரைப் பற்றி வாசகர்க்குத் தவறான எண்ணம் உண்டாகும்.

தனித்தடம்

நாகராசன், தொடர்வண்டிப் பெட்டிகளைச் சோதித்து வெளியே அனுப்பும் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். (தம் பெயரை அவர் வடவெழுத்திட்டு எழுதுவார். அது அவர் உரிமை. இது என் கட்டுரை.)

பழுதுபார்த்த பெட்டி ஒவ்வொன்றுக்கும் அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். சக்கரம், தடை, இணைப்புக் கொக்கி, கதவு, விளக்கு என்று ஒவ்வொன்றையும் தட்டியும் தடவியும் பார்த்துக் குறியிடுவார். ஒன்று குறைந்தாலும், சுண்ணக்கட்டியால் பெட்டியின்மேல் 'சிக்' என்று எழுதித் தனித்தடத்திற்கு அனுப்பிவிடுவார். நோயுற்ற பெட்டி என்று பொருள்.

எல்லாம் சரியாக இருந்தால்? "சரியா இருக்குற பெட்டிய நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது சார். புடிச்சிருக்கு, புடிக்கலைங்கற பேச்சே இல்ல," என்று ஒருமுறை எனக்கு விளக்கினார்.

அவர் மனைவி சாரதா மறைந்து ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. ஒரே மகள் ஓசூரில். இவர் திருவரங்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தனியே.

ஓர் ஐப்பசி மழைநாளின் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பேச வாயெடுத்தபோது குரல் கம்மி, துருப்பிடித்த கீல் போல ஒலித்தது. என் துணைவி கோமதி சுக்குக் காப்பி வைத்துக்கொண்டு வந்து, "சளியா தம்பி?" என்றாள்.

"சளி இல்ல அண்ணி. மூணு நாளா யாருகிட்டயும் பேசல. பேசலைங்கறதே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கடையில 'ஒரு பால் பாக்கெட்'னு கேக்க வாயத் தொறந்தேன். சத்தம் வரல."

இதில் தன்னிரக்கம் சிறிதும் இல்லை. பெட்டியில் கண்ட குறையைப் பதிவேட்டில் எழுதுபவர்போலச் சொன்னார். கோமதி காப்பியை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் தீர்ப்புகள் அவ்வாறுதான் வழங்கப்படும்.

அதன்பின் நடந்தவை விரைவாக நடந்தன. மறுமணத்திற்கு மகள் முழுமனத்தோடு இசைந்தாள். தில்லை நகரில் மறுமணம் நாடுவோர்க்கான பதிவு நிலையம் ஒன்றை அவளே கண்டறிந்து, படிவமும் அனுப்பினாள். அதில் 'எதிர்பார்ப்புகள்' என்னும் தலைப்பின்கீழ் அரைப்பக்கம் வெற்றிடம் இருந்தது.

"நீங்க எழுதிக் குடுங்க சார். நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட்," என்றார் நாகராசன்.

பாலமும் மணலும்

இவ்விடத்தில் ஒரு சிறு பாடம் நடத்த இசைவு வேண்டுகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு வாசகர் செய்யும் அறம் அது.

ஒன்றுக்கு இன்றியமையாதது வேறு, போதுமானது வேறு. எது இல்லாமல் அது நடவாதோ, அது இன்றியமையாதது. எது இருந்தாலே அது நடந்துவிடுமோ, அது போதுமானது. இவ்வளவே. இதைப் பயிற்றியே ஒரு வாழ்நாளைக் கழித்தேன்.

கல்லூரியில் நான் சொல்லிய எடுத்துக்காட்டு, காவிரிப் பாலம். திருவரங்கம் தீவு, ஆதலால் அங்கிருந்து கல்லூரிக்கு வரப் பாலம் கடத்தல் இன்றியமையாதது. ஆனால் போதுமானதன்று, பாலம் கடந்தவர் அனைவரும் வகுப்புக்கு வந்துவிடுவதில்லை என்பதற்குப் பின் இருக்கைகளே சான்று.

பல ஆண்டுகள் இது நன்றாகவே நடந்தது. ஒரு சித்திரையில் மாணவர் ஒருவர் எழுந்து, "சார், ஆத்துல தண்ணி ஏது? நாங்க மணல்லயே நடந்து வந்துருவோம்," என்றார். அன்றே பாலம் தன் இன்றியமையாமையை இழந்தது. பாடக்குறிப்பின் ஓரத்தில் 'ஆடி முதல் தை வரை மட்டும் பொருந்தும்' என்று எழுதி வைத்தேன். மேற்கே முக்கொம்பு அணை வழியாகச் சுற்றி வரலாமே என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

வீட்டில் இப்பாடம் இன்னும் கடுமையாக நடக்கும். "பால் காய்ந்துவிட்டது, வடிநீரும் இறங்கிவிட்டது, காப்பியை மட்டும் காணோமே," என்று ஒருநாள் கூடத்திலிருந்து வினவினேன். "பாலும் டிகாஷனும் இருந்தா போதுமா? ஆளு எந்திரிச்சு வரணும்ல," என்று அடுக்களையிலிருந்து விடை வந்தது. எழுந்து சென்றேன்.

இத்தகைய பயிற்சி உடையவன், நண்பருடைய படிவத்தில் என்ன செய்தேன் என்பதே இக்கட்டுரையின் வெட்கம்.

நாகராசன் ஏழு சொன்னார். அகவை ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடையே. பணி ஓய்வு பெற்றவர். சைவ உணவினர். விடியலில் எழுபவர். உரக்கப் பேசாதவர். வளர்ப்பு விலங்குகள் இல்லாதவர். திருவரங்கத்தில் நிலையாகக் குடியிருக்க இசைபவர்.

'இவை இல்லாதவர் வேண்டா' என்று எழுதியிருந்தால் முடிந்தது. அது வறட்டு நடையாகத் தோன்றிற்று. நான் எழுதியது இது: 'இவ்வேழும் உடையவர் எவரோ, அவரே என் வாழ்க்கைத் துணையாவார்.' இருமுறை படித்து, ஓசை நயத்தில் நானே மகிழ்ந்து, கையொப்பத்திற்கு நீட்டினேன். நாகராசன் கையொப்பமிட்டார். முப்பது ஆண்டுகளில் தாம் கையொப்பமிட்ட எதனையும் மீறாதவர் அவர்.

நாற்பது பேர்

சிற்றுண்டிச்சாலைக்குத் திரும்புவோம்.

"எனக்குச் சம்மதம்," என்றார் நாகராசன்.

"எனக்கு?" என்றார் மரகதம்.

நாகராசன் தாளைப் பார்த்தார். அதற்கு அதில் இடம் இல்லை.

மரகதம் தம் கைப்பையிலிருந்து படிவத்தின் படியை எடுத்தார். விடைத்தாளைத் திருத்துபவரின் அமைதியோடு, "இத எழுதுனது யாருங்க?" என்றார். நாகராசன் என்னைக் காட்டினார்.

"நீங்க லாஜிக் நடத்துனவருன்னு சொன்னாங்க."

நான் தலையசைத்தேன்.

"'ஏழும் உடையவர் எவரோ அவரே'ன்னு போட்டிருக்கீங்க. ஏழும் உள்ளவங்க நாப்பது பேரு வந்தா, நாப்பது பேரையும் கட்டிக்குவாரா சார்?"

வளர்மதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பயன் இல்லை.

"அப்படியா சார் எழுதிருக்கீங்க?" என்று நாகராசன் என் பக்கம் திரும்பினார். அந்நேரம் பொங்கல் வந்தது. நான் அதில் கிடந்த மிளகுகளை எண்ணத் தொடங்கினேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் மரகதம், நாகராசனிடம். "உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல. ஆனா குறை இல்லைங்கறது மட்டும் போதாதுல்ல? அதுவும் இது உங்க லிஸ்ட்டு. எனக்கும் ஒண்ணு இருக்கும்ல."

நாகராசனின் முகம் வாடியது. குறையற்ற பெட்டி ஒன்று தடத்தை விட்டு நகர மறுத்ததை அவர் அதுவரை கண்டதில்லை.

வளர்மதி வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "அட, சாப்புடுங்க. எஃப்.சி.ய அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்றார். வாட்டத்தினூடே நாகராசன் மறுபடியும் சிரித்தார். நான் கவனித்தேன். மரகதமும் கவனித்தார்.

கோமதியின் வினா

இரு வாரங்கள் சென்றன. ஒரு மாலை நாகராசன் எங்கள் கூடத்தில் வந்து அமர்ந்தார்.

"சார், அந்தத் தொட்டியத்து அம்மா..."

"வளர்மதி."

"ஆமா. போட்டுப் பாத்தேன்." புதிய தாள் ஒன்றை நீட்டினார். சிற்றுண்டிச்சாலையில் காதில் விழுந்தவற்றையும், பிறகு மரகதத்தைத் தொலைபேசியில் கேட்டறிந்தவற்றையும் கொண்டு குறியிட்டிருந்தார். அகவை சரி. சைவ உணவு சரி. நான்கு மணிக்கே எழுபவர், சரி. எஞ்சிய நான்கிலும் 'சிக்'. ஓய்வு பெறவில்லை, குரல் உரத்தது, நாய்கள் இரண்டு, தோட்டத்தை விட்டுத் திருவரங்கத்திற்கு நிலையாக வரமாட்டார்.

"ஏழுல நாலு சிக். ஒரு சிக்கு இருந்தாலே நான் விட்டதில்ல சார்." தாளை மடித்தார். மறுபடி விரித்தார். "ஆனா வீட்ல உக்காந்திருக்கறப்ப அந்தச் சிரிப்புதான் கேக்குது."

நான் உதவ முற்பட்டேன். 'உரக்கப் பேசாதவர்' என்பதைத் 'தெளிவுறப் பேசுபவர்' என்று மாற்றலாம் என்றேன். 'வளர்ப்பு விலங்குகள்' என்பதில் காவல் நாய் அடங்காது என்று வாதிடலாம் என்றேன். பிழையைத் திருத்தப் பிழை செய்வது கற்றவர்க்கு எளிது.

கோமதி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், "தம்பி, இந்த ஏழும் எங்கேருந்து வந்துச்சு?" என்றாள்.

"எங்கேருந்துன்னா... நானா யோசிச்சுதான் அண்ணி."

"சாரதாதானே இது?"

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். வங்கியில் பணியாற்றி முன்னதாகவே ஓய்வு பெற்றவர் சாரதா. மெல்லப் பேசுவார். விடியலில் எழுவார். ஐம்பத்தேழாம் அகவையில் மறைந்தார். ஏழையும் ஓசை நயத்தோடு எழுதிய எனக்கு அது புலப்படவே இல்லை.

"ஆமா அண்ணி," என்றார் நாகராசன். "எனக்கு வேற யாரைத் தெரியும்?"

கோமதி கீரைக் காம்பு ஒன்றை ஒடித்தாள். "சரி, நீங்க கட்டிக்கிட்டு வரப்ப சாரதாவுக்கு என்ன வயசு?"

"இருபத்திரெண்டு."

"ரிடையராயிட்டாளா?"

"வேலைக்கே சேரல."

"மெதுவாத்தான் பேசுனாளா?"

நாகராசன் நினைத்துப் பார்த்தார். "பயங்கரமா சத்தம் போடுவா. அவங்க வீட்ல எல்லாருமே அப்படித்தான்."

"அப்ப அவளே உங்க லிஸ்ட்டுல சிக்குதான் தம்பி. நீங்க அவளைத் தனித்தடத்துக்குத் தள்ளியிருக்கணும்."

நாகராசன் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். ஏழும் போதுமானவை அல்ல என்பதை ஒரு கணக்கு ஆசிரியர் காட்டினார். ஏழும் இன்றியமையாதவையும் அல்ல என்பதைக் கீரை ஆய்ந்தபடியே என் துணைவி காட்டினாள். அளவையியல் பயின்றவன் அவ்வீட்டில் நான் ஒருவன்தான்.

இலைக்கட்டு

அடுத்த வாரம், சத்திரம் பேருந்து நிலையத்தில் முசிறி வழியாகச் செல்லும் பேருந்தில் இருவரும் ஏறினோம். தனியே செல்லத் தயங்கினார், நான் துணை. வழி நெடுகிலும் காவிரி ஒருபுறம் வந்துகொண்டிருந்தது. நாகராசன் அதைப் பார்க்கவே இல்லை.

தோட்டத்து வாயிலில் 'குட்டி யானை' என்று ஊரார் அழைக்கும் சிறு சுமையுந்து நின்றது. மூன்று ஆட்கள் வாழையிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தனர். வளர்மதி நடுவில் நின்று, அக்கரைக்கும் கேட்கும் குரலில் அவர்களை முடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வியந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நாகராசன் முன்னுரை ஏதுமின்றித் தொடங்கினார். "நீங்க ஏழுல நாலுல ஃபெயிலுங்க."

"ஃபெயிலான ஆளைத் தேடிக்கிட்டா முசிறி தாண்டி பஸ் ஏறி வந்தீங்க?"

"லிஸ்ட்டுதான் தப்பு. கிழிச்சுப் போட்டுட்டேன்."

"அப்ப இனிமே எதை வச்சுப் பாப்பீங்க?"

"தெரியலைங்க. அன்னிக்கு நீங்க சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். அது போதுமான்னு தெரியல. அதான் உங்களையே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

ஏற்றிக்கொண்டிருந்த மூவரும் கட்டைத் தலையில் வைத்தபடியே நின்றுவிட்டனர். வளர்மதி அவர்களை முடுக்க மறந்தார்.

"உங்களுக்கு அது போதும்," என்றார் சற்றுத் தாழ்ந்த குரலில். அவருக்குத் தாழ்ந்தது, நமக்கு இயல்பானது. "எனக்குப் போதுமான்னு நான்ல சொல்லணும். வாரத்துல நாலு நாளு நான் இங்கதான் இருப்பேன். நாய விடமாட்டேன். மெதுவாப் பேச எனக்கு வராது."

"சரிங்க."

"எதுக்குச் சரி?"

"மூணுக்கும்."

அவர் கீழே கிடந்த இலைக்கட்டு ஒன்றைக் காட்டி, "அந்தக் கட்டைப் பிடிங்க," என்றார்.

இவ்விடத்தில் என் சாட்சியம் அறுபடுகிறது. அந்நேரம் பார்த்து, மேற்சொன்ன நாய்கள் இரண்டும் தோப்பிலிருந்து வெளிப்பட்டு, என்னை நோக்கி வந்தன. நான் சுமையுந்தின் முன்னறையில் ஏறிக் கதவையும் கண்ணாடியையும் மூடிக்கொண்டேன். கண்ணாடி வழியே இருவருடைய வாயும் அசைவது தெரிந்தது. சொல் ஒன்றும் கேட்கவில்லை. நாய்கள் அகன்றபின் இறங்கினேன். நாகராசன் ஆட்களோடு ஆளாகக் கட்டுச் சுமந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை முழுவதும் வாழைக்கறை. அச்சட்டை இன்றுவரை வெளுக்கவில்லை.

சில திங்கள் கழித்துத் திருமணம் பதிவாயிற்று. கோமதியும் மரகதமும் சாட்சிக் கையொப்பம் இட்டனர். என்னை ஒருவரும் எதுவும் எழுதச் சொல்லவில்லை. வாரத்தில் நான்கு நாள் தொட்டியம், மூன்று நாள் திருவரங்கம். நாய்களும் பயணம் செய்கின்றன.

ஒன்று மட்டும் தீரவில்லை. அன்றே வளர்மதி 'சரி' என்று வாய்விட்டுச் சொன்னார் என்பது நாகராசனின் துணிபு. "கட்டைப் பிடிங்கன்னேன். அதுக்குக் கட்டைப் பிடிங்கன்னுதான் அர்த்தம். சரின்னு சொன்னது ஒரு மாசம் கழிச்சு, யோசிச்சுத்தான்," என்பது வளர்மதியின் மறுப்பு. மறுக்காமை இசைவுக்குப் போதுமா என்று என்னிடம் கேட்கின்றனர். விருந்துதோறும் என்னையே சான்றுக்கு அழைக்கின்றனர். நானோ கண்ணாடிக்கு உள்ளே இருந்தவன்.

ஆதலால் வாசகர்க்கு என் வேண்டுகோள். இக்கட்டுரையில் இடமோ முறையோ பிழைபட்டிருப்பின் தயங்காது சுட்டுங்கள். சிறப்பாக, அன்று தொட்டியத்தில் இலைக்கட்டு ஏற்றிய மூவரில் எவரேனும் இவ்விதழைப் படிக்க நேர்ந்தால், வளர்மதி அப்போது என்ன சொன்னார் என்பதை ஒரு கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். இவ்வழக்கு முடிவதை அவ்விருவருமே விரும்பவில்லையோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஆயினும் பிழை பிழையே. எழுதுங்கள், ஆனால் உறையின்மேல் என் பெயரை மட்டும் எழுதுங்கள்.